வார்டில் கட்டில் காலியானால்தான் வாசலில் கூட்டம் குறையும்!
அவசர சிகிச்சை பிரிவில் ஏன் இத்தனை நெரிசல்?

கடமலைக்குண்டு:-

வருசநாட்டு மலையடிவாரத்தில் ஒருவரை பாம்பு கடித்து விடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலுதவி செய்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். வண்டி கண்டமனூரை தாண்டி க.விலக்கில் போய் நிற்கும். 2004-ம் ஆண்டு தொடங்கிய தேனி அரசு மருத்துவக்கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கேதான். (க.விலக்கு என்றால் கண்டமனூர் விலக்கு. பெயரை சுருக்கியவர்கள் தூரத்தை சுருக்கவில்லை!)

2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு வண்டிக்கு அலையும் பாடு குறைந்தது. ஆனால் போய்ச்சேர்ந்த பிறகு?

"வந்து ரெண்டு மணி நேரமாச்சு, இன்னும் கட்டில் குடுக்கலையே சார்!"

இந்த புலம்பல் கேட்காத பெரிய ஆஸ்பத்திரி எந்த ஊரிலும் கிடையாது.

யார் காரணம்?

சளி, காய்ச்சலுக்கெல்லாம் இங்கே வந்து விடுகிறார்கள், அதனால்தான் கூட்டம் என்பார்கள். பாதிதான் உண்மை. அவர்களால் வரிசை நீளும். ஆனால் ஊசி போட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு போய் விடுவார்கள். கட்டிலை பிடிப்பதில்லை.

முடிச்சு உள்ளே இருக்கிறது. டாக்டர் காலையில் வார்டை சுற்றி வந்து, "நீங்க வீட்டுக்கு போகலாம்" என்கிறார். உடனே கட்டில் காலியாகி விடுமா? கடைசி ரத்த பரிசோதனை முடிவு வரவேண்டும். காப்பீட்டு திட்ட காகிதம் முடியவேண்டும். மருந்து வாங்கவேண்டும். மலை கிராமத்துக்காரர் என்றால் பஸ் நேரமும் பார்க்கவேண்டும். பொழுது சாய்ந்து விடும்! அதுவரை, வார்டுக்கு போகவேண்டியவர் கீழே ஸ்டிரெச்சரிலேயே கிடக்கிறார். அவரை இறக்க இடம் இல்லாவிட்டால் ஆம்புலன்சும் வாசலில் நிற்கும். மயிலாடும்பாறையில் அடுத்த அழைப்பு வந்தால் வேறு வண்டிதான் தேடவேண்டும்.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். 4 மணி நேரத்துக்குள் நோயாளியை பார்த்து அனுப்பவேண்டும் என்று இங்கிலாந்தில் இலக்கு வைத்தார்கள். 100-க்கு 95 பேர் என்ற அந்த கணக்கு 2015-க்கு பிறகு எட்டவே இல்லை.

சிவப்பு, மஞ்சள், பச்சை

முந்தி வந்தவருக்கு முதல் சிகிச்சை என்பது இங்கே கிடையாது. தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் நோயின் கடுமையை பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். உயிருக்கு போராடுபவர் சிவப்பு. பச்சைக்காரர் சத்தம் போட்டாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

வார்டில் இருப்பவரின் சொந்தக்காரர்களுக்கும் இதில் வேலை உண்டு. "நாளைக்கு அனுப்புவீங்களா?" என்று முதல் நாளே நர்சிடம் கேட்டு வைத்தால், மறுநாள் காலை பஸ்சுக்கே கிளம்பி விடலாம்.