கடல் கடந்தாலும் குரல் கேட்கலாம்!

பெண்ணுக்கு அமெரிக்காவில் பிரசவம். தாயார் போகாமல் இருக்க முடியுமா? பாஸ்போர்ட் தயார், விஸாவும் வந்துவிட்டது. சுக்குப் பொடி, பிரசவ லேகியம், பேரக் குழந்தைக்குப் பழைய வேஷ்டியில் கிழித்து வைத்த மெத்தென்ற துணிகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. பெட்டியை இரண்டு தடவை நிறுத்தும் பார்த்தாகிவிட்டது. சரி, உங்கள் கைப்பைக்குள் இருக்கிறதே செல்போன், அதைப் பிரயாணத்துக்குத் தயார் செய்தீர்களா?

"அதற்கென்ன? சார்ஜ் போட்டால் தீர்ந்தது!" என்றுதான் எங்கள் எதிர்வீட்டு மாமியும் சொன்னாள். அவளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

மாமி நியூஜெர்ஸிக்குப் புறப்பட்டாள். விமானம் மாற வேண்டிய ஊரில் முதல் விமானம் தாமதமாக இறங்கியது. அடுத்த விமானம் பறந்துவிட்டது. 6 மணி நேரம் கழித்து வேறொன்றில் இடம் கொடுத்தார்கள். பெண்ணுக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தால், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை! அங்கே இலவச வைஃபை இருந்தது. ஆனால் அதற்குரிய ரகசிய எண் எஸ்.எம்.எஸ்ஸில் அல்லவா வருமாம்! எஸ்.எம்.எஸ். வரவோ சிக்னல் வேண்டும். பக்கத்திலிருப்பவரிடம் கேட்க மாமிக்குக் கூச்சம். பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

நியூவார்க் விமான நிலையத்தில் எல்லாரும் வெளியே வந்தார்கள். அம்மா மட்டும் வரவில்லை. மாப்பிள்ளை எவ்வளவோ சொல்லியும், ஒன்பதாம் மாத வயிற்றோடு, கால் வீங்க, அந்தப் பெண் 6 மணி நேரமும் நாற்காலியை விட்டு நகரவில்லை. கடைசியில் தாயாரைக் கண்டதும், "எங்கேம்மா போயிட்டே?" என்ற ஒரு வார்த்தைதான் கேட்டாளாம். மாமிக்குப் பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது.

குற்றம் போனில் இல்லை. 'இன்டர்நேஷனல் ரோமிங்' என்ற வசதியை வாங்காமல் புறப்பட்டதுதான் காரணம்.

அது என்ன ரோமிங்? உங்கள் சிம் கார்டு வெளிநாட்டில் ஒரு விருந்தாளி. அந்த ஊர்க் கம்பெனி நம் ஊர்க் கம்பெனியை விசாரிக்கிறது: "இவர் உங்கள் மனுஷர்தானா? கணக்கை யார் கொடுப்பது?" இங்கிருந்து "ஆமாம், நாங்கள் பொறுப்பு" என்று பதில் போனால்தான் அங்கே கதவு திறக்கும். ஆகவே புறப்படும் முன்பே கம்பெனியிடம் சொல்லி, பயண நாட்களுக்கு ஏற்ற 'பேக்' வாங்கிவிட வேண்டும். வழியில் இறங்கும் நாடும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் முக்கியம். விருந்தாளிக்கு வாடகை உண்டு! நம் ஊரில் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை. வெளிநாட்டில் எடுத்துப் பேசினாலும் காசு உண்டு. 'பேக்' இல்லாவிட்டால் 'டேட்டா ரோமிங்' என்ற பொத்தானை அணைத்து வையுங்கள். இல்லையேல் நீங்கள் தூங்கும்போதும் போன் தானாகப் படங்களை இறக்கிக்கொண்டிருக்கும். பில் வரும்போது தூக்கம் போகும்!

ஒரு வாரப் பயணத்துக்கு 'பேக்' போதும். ஆறு மாதம் தங்குவதானால் அந்த ஊர் சிம்தான் சிக்கனம். சிங்கப்பூர் போன்ற ஊர்களில் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் அதை வாங்க முடியும். ஐரோப்பா சுற்றுபவர்களுக்கு ஒரு சௌகரியம்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 15-6-2017 முதல் தனி ரோமிங் கட்டணம் கிடையாது. பாரிஸில் வாங்கிய சிம் ரோமிலும் பேசும். ஆனால் நடுவிலுள்ள ஸ்விட்ஸர்லாந்து அந்த ஒன்றியத்தில் சேர்ந்ததல்ல, அங்கே ஜாக்கிரதை!

ஊர் சிம் வாங்கியதும் நம் சிம்மைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பாங்க்கின் ரகசிய எண் அதற்குத்தானே வரும்? இரண்டு சிம் போடும் போனில் இரண்டும் இருக்கட்டும். திரும்பி வரும்வரை ரீசார்ஜ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெகுநாள் உபயோகமில்லாத நம்பர், பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். வாட்ஸாப்பை மட்டும் பழைய நம்பரிலேயே வைத்துக்கொள்ளலாம், தடையில்லை.

"அம்மா, என் பழைய ஐபோனை வைத்துக்கொள்" என்று பெண் ஆசையாகக் கொடுப்பாள். அமெரிக்காவில் விற்ற ஐபோன்களில், 2022-இல் வந்த 14-ஆம் மாடல் முதல், சிம் செருகும் துவாரமே கிடையாது! எல்லாம் 'இ-சிம்'தான். அப்படிப்பட்ட போன் கிடைக்கும் என்று தெரிந்தால், உங்கள் நம்பரை இங்கேயே இ-சிம்மாக மாற்றிக்கொண்டு போவது நல்லது.

துபாயிலுள்ள மகனிடம் போகிறவர்களுக்கு: அங்கே வாட்ஸாப்பில் எழுதலாம், பேச முடியாது. அரசாங்கம் அனுமதித்த வேறு செயலிகள் உண்டு. எது என்று மகனிடம் கேட்டு, இங்கேயே போனில் ஏற்றிப் பழகிக்கொள்ளுங்கள்.

சில்லறைச் சங்கதிகள்: அமெரிக்காவில் பிளக்கின் கால்கள் தட்டை, ஒரு அடாப்டர் வேண்டும். பவர் பாங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தில் ஏற்றும் பெட்டியில் கூடாது. நம்பர்களையெல்லாம் +91, +1 என்ற நாட்டு எண்ணோடு பதிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண், மாப்பிள்ளை, வீடு மூன்று நம்பரையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். காகிதத்துக்குச் சார்ஜ் வேண்டாம் பாருங்கள்! அவசரமென்றால் அதை விமானக் கம்பெனிக்காரரிடமோ பக்கத்திலிருப்பவரிடமோ நீட்ட வேண்டியதுதான். இதில் கூச்சம் எதற்கு?

மாமி இப்போது இரண்டாவது பேரனுக்காக மறுபடியும் போயிருக்கிறாள். விமானம் மாறிய இடத்திலிருந்தே, "இறங்கிட்டேன்" என்று இரண்டு பக்கமும் செய்தி வந்துவிட்டது. மாமாவுக்குத்தான் ஒரு குறை. "முன்பெல்லாம் இவள் ஊருக்குப் போனால் எனக்கு ஓய்வு. இப்போது தினம் காலை ஆறரைக்கு, அங்கே இரவு 9 மணிக்கு, கூப்பிட்டு, ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று கேட்கிறாள்!" என்கிறார்.

ஆனால் ஆறு மணிக்கே போனும் கையுமாக வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.