தர்பூசணிக்கு நாமே தேனீ!

நம்ம காந்திகிராமத்தில் வெயிலுக்கா பஞ்சம்? அதை நம்பித்தான் போன தை மாசம் எங்க மொட்டை மாடியில் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் தர்பூசணி விதை போட்டேன். அடியில் நாலு ஓட்டை. செம்மண், மக்கிய சாணி எரு, தேங்காய் நார்க்கழிவு மூணும் சமமாக. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 ரகம் பெரிய காயாகக் காய்க்கும், அது வயலுக்குத்தான் சரி. வாளிக்கு 'சுகர் பேபி' போதும்.

கொடி நல்லாத்தான் ஓடியது. ஆனால் கோலிக்குண்டு அளவு பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது! நான் விதையைத் திட்டினேன். அப்பத்தாதான், "மாடிக்குத் தேனீ எங்கடி வருது?" என்று கேட்டார்.

தர்பூசணியில் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். ஆண் பூதான் முதலில் வரும், அது உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். பெண் பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு தெரியும். பூ காலையில் விரியும், அன்றோடு சரி. அதனால் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் சுற்றித் தடவணும். தேனீ செய்வதும் இதுதான்.

பிஞ்சு பிடித்ததும் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளினேன் (மனசே வரலை!). கோடையில் ரெண்டு வேளை தண்ணீர், அரிசி கழுவியதும் சேர்த்துத்தான். காம்புப் பக்கத்துப் பற்றுக்கம்பி காய்ந்து, காயின் அடியில் உள்ள வெள்ளைத் திட்டு மஞ்சளானால் பழுத்துவிட்டது.

எங்க காய் சித்திரையில் பழுத்தது. ரெண்டேகால் கிலோ! முதல் கீற்று அப்பத்தாவுக்கு.

– 9-ஆம் வகுப்பு மாணவி