ஆசைப்படுதல், அனுபவித்தல்: மனச்சோர்வும் மூளையும் பற்றி

மனச்சோர்வு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மிடையே ரெண்டு குரல்கள்தான் கேட்கின்றன. 'எல்லாம் மூளையில் ரசாயனக் கோளாறு, மாத்திரை போட்டால் சரியாகிவிடும்' என்பது ஒன்று. 'இது வேலைவெட்டி இல்லாத நடுத்தர வர்க்கத்தின் புலம்பல், அமைப்பு மாறினால் தானாகப் போய்விடும்' என்பது மற்றது. முதல் குரல் சமூகத்தைக் கழற்றிவிடுகிறது. ரெண்டாவது குரல் உடலைக் கழற்றிவிடுகிறது. இதற்கிடையில், ஒழுங்காகக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் வருவதை நிறுத்திவிடுகிறார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவையே தொடுவதில்லை. 'ஆள் சோம்பேறியாயிட்டார்' என்று தீர்ப்பு எழுதிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். மூளை குறித்த ஆய்வுகளை நாம் படித்தாக வேண்டியது இந்தத் தீர்ப்புக்காகத்தான்.

முதலில் சொல்லைச் சரிபார்த்துக்கொள்வோம். 'மன அழுத்தம்' என்கிற ஒரே சொல்லை அன்றாட நெருக்கடிக்கும் இந்த நோய்க்கும் சேர்த்துப் புழங்குகிறோம். ரெண்டும் வேறு வேறு. மனச்சோர்வைக் கணிக்க மருத்துவம் வைத்திருக்கிற முதன்மை அறிகுறிகளில் துக்கம் ஒன்றுதான். எதிலும் நாட்டமோ இன்பமோ இல்லாமல் போவது இன்னொன்று. இதற்கு 1896இல் தியோதூல் ரிபோ என்கிற பிரெஞ்சு உளவியலாளர் 'அன்ஹெடோனியா' என்று பெயர் வைத்தார். இன்பமின்மை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமலே ஒருவர் இந்த நோயில் கிடக்கலாம். நம் கண்ணுக்கு அது சோம்பலாகவே தெரியும்.

1954இல் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகிய இருவரும் எலிகளின் மூளைக்குள் மின்முனையைச் செருகினார்கள். நெம்புகோலை அமுக்கினால் லேசான மின்தூண்டல் கிடைக்கும். எலிகள் திரும்பத் திரும்ப அமுக்கின. மூளையில் 'இன்ப மையம்' கண்டுபிடித்தாயிற்று என்று பேச்சு கிளம்பியது. அப்படி ஒரு மையமெல்லாம் இல்லை, இருப்பது ஒரு சுற்று என்பது பிற்பாடு தெளிவானது. நடுமூளையிலிருந்து கிளம்பும் டோபமின் நரம்புகள், மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம், நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி எல்லாம் சேர்ந்த இதற்கு 'வெகுமதிச் சுற்று' என்று பெயர். வேலை செய்தால் தீனி என்கிற ஆய்வுக்கூட ஏற்பாட்டின் வாசனை இந்தப் பெயரிலேயே அடிக்கிறது.

டோபமின் என்றாலே இன்பம் என்கிற கதையைப் போட்டு உடைத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ். டோபமின் அநேகமாக முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் பக்கத்தில் தீனி இருந்தாலும் தின்னாது. ஆனால் சர்க்கரைக் கரைசலை வாயில் விட்டால் மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சப்புக்கொட்டும். அதாவது அனுபவிக்க முடிகிறது, ஆசைப்பட முடியவில்லை. ரெண்டும் தனித்தனி இயக்கங்கள். மனிதர்களிடமும் இதற்கு இணையான ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். 2012இல் மைக்கேல் ட்ரெட்வே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் பணத்துக்காகக் கூடுதல் சிரமப்படத் தயாராவது மனச்சோர்வு உள்ளவர்களிடம் குறைவாக இருந்தது. 'வந்தா நல்லாத்தான் இருக்கும், ஆனா கிளம்ப முடியல' என்று ஒருவர் சொன்னால் அதைச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது, இணைப்பு என்கிற சமாச்சாரம். எம்.ஆர்.ஐ. எந்திரம் சிந்தனையைப் படம் பிடிப்பதில்லை. ரத்தத்தில் பிராணவாயுவின் ஏற்ற இறக்கத்தைத்தான் அளக்கிறது. ரெண்டு பகுதிகளில் அது சேர்ந்து ஏறி இறங்கினால் அவற்றுக்குள் 'இணைப்பு' இருப்பதாகக் கொள்கிறார்கள். 2024இல் சார்லஸ் லிஞ்ச், கானர் லிஸ்டன் குழுவினர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இங்கே முக்கியமானது. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று தரம் பிரிக்கிற ஒரு வலைப்பின்னல் மூளையில் உண்டு. முன்மூளையும் ஸ்ட்ரையேட்டமும் அதில் அடக்கம். மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு இடத்தைப் பிடித்திருந்தது. மனநிலை தேறினாலும் மோசமானாலும் இந்தப் பரப்பு மாறவில்லை. பின்னாளில் நோய் வந்த சிறுவர்களிடம், நோய் வருவதற்கு முன்பே இது காணப்பட்டது. ஆனால் இந்தச் சுற்றுக்குள் இணைப்பின் வலு மாறிக்கொண்டே இருந்தது. இன்பமின்மை வரப்போவதை அது முன்கூட்டியே காட்டியது.

உடனே இதை வேதமாக்கிவிடக் கூடாது. மூளைப் படத்துக்கும் நடத்தைக்கும் நம்பகமான உறவு காட்ட ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022இல் ஸ்காட் மாரெக் குழுவினர் எச்சரித்தார்கள். ஒரு தனி ஆளை ஸ்கேன் எடுத்து 'உனக்கு மனச்சோர்வு' என்று முத்திரை குத்துவது நடைமுறை மருத்துவத்தில் இல்லை.

சரி, சுற்று மூளையில் இருக்கிறது என்பதாலேயே காரணமும் மூளைக்குள்தான் இருக்கிறது என்று ஆகிவிடுமா? ஆகாது. 2002இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடர் குழுவினர் 20 ஆண் மக்காக் குரங்குகளை ஆராய்ந்தார்கள். தனிக்கூண்டுகளில் இருந்தவரை அவற்றின் டோபமின் ஏற்பிகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நான்கு நான்காகச் சேர்த்து அடைத்ததும் மேல்-கீழ் வரிசை உருவானது. ஆதிக்கத்துக்கு வந்த குரங்குகளில் ஏற்பிகள் கூடின. அடங்கிப்போனவற்றில் கூடவில்லை, கொக்கெயின் கிடைத்தபோது இவைதான் அதிகம் எடுத்துக்கொண்டன. ஆக, முதலில் வந்தது படிநிலை, அப்புறம்தான் மூளையின் மாற்றம். இது மனச்சோர்வு பற்றிய ஆய்வு அல்ல. குரங்கிலிருந்து மனுசனுக்கு ஒரே தாவாகத் தாவவும் முடியாது. ஆனாலும் அதிகாரம் தோலோடு நின்றுவிடுவதில்லை, ஆசைப்படுகிற உறுப்பு வரைக்கும் போகிறது என்பதற்கு இது போதுமான தடயம். உடலா சமூகமா என்று நாம் போட்டுக்கொண்டிருக்கிற சண்டை அர்த்தமற்றது.

தேவைப்படுகிறவருக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். அதைக் கேலி செய்வதில் முற்போக்கு எதுவும் இல்லை. இன்னொரு வழியும் இருக்கிறது. ஆசை வரட்டும் என்று காத்திராமல் சின்னச் சின்னக் காரியங்களைத் திட்டமிட்டுச் செய்யவைப்பது. செய்யச் செய்ய நாட்டம் திரும்பும் என்பதே இதன் அடிப்படை. 2016இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடத்திய ஆய்வில், உளசிகிச்சைத் தொழிற்பயிற்சி இல்லாத பணியாளர்கள் இதைச் செய்தபோதும் பலன் தேர்ந்த சிகிச்சையாளர்களின் அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைவாக இல்லை, செலவும் கம்மி. நாமே சிகிச்சை கொடுக்கக் கிளம்பிவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. 'மனசு வை' என்று உபதேசிப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கடிதத்தைச் சேர்ந்து எழுதுவது, ஒரு தெரு தூரம் கூட நடப்பது நம்மால் முடியும். இதையும் அரசியல் வேலையாக எண்ணப் பழக வேண்டும்.