வைக்கோல் போரும் பேட்டரிக் கிடங்கும்

குடுமியான்மலைக் குன்றைச் சுற்றியுள்ள வயல்காட்டில் வைக்கோல் போர் போடுகிறவர்கள் இரண்டைக் கவனிப்பார்கள்: வைக்கோல் காய்ந்திருக்கிறதா, போர் வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கிறதா. ஈர வைக்கோலைக் குவித்தால் உள்ளே புழுங்கிச் சூடேறும். வெளியேறும் சூட்டைவிட உள்ளே பிறக்கும் சூடு மிகுந்துவிட்டால், கொள்ளி வைக்காமலே போர் பற்றிக்கொள்ளும்.

லித்தியம் பேட்டரி தீப்பிடிப்பதும் இதே கணக்குத்தான். மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்று உண்டு. அதை நனைத்திருப்பது எளிதில் எரியும் திரவம். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ, அடிபட்டாலோ, தயாரிப்பில் குறையிருந்தாலோ கலம் சூடாகும். ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸில் ஏடு உருகி, முனைகள் தொட்டுக்கொள்ளும். சூடு வேதிவினையை முடுக்க, வேதிவினை சூட்டைக் கூட்டும். பக்கத்துக் கலமும் அதே கதிக்கு ஆளாகும். தறிகெட்டு ஓடும் இந்தச் சூட்டைத்தான் பொறியாளர்கள் தெர்மல் ரன்அவே என்கிறார்கள். மூடி அடைத்துக் காற்றை நிறுத்தினாலும் இது நிற்காது. ஏராளமான தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிக்க வேண்டும்.

தீயைவிடப் புகை கொடியது. 2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், இரவு சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்தது. புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள்.

பகல் வெயிலில் எடுத்த மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க, இனிக் கன்டெய்னர் கன்டெய்னராகப் பேட்டரிகள் வரப்போகின்றன. தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டுள்ளன. அமெரிக்காவின் அரிசோனாவில் 2019 ஏப்ரல் 19 அன்று இப்படியொரு கிடங்கு புகைந்தது. தீயணைக்கும் வாயு தானாகவே பீய்ச்சியும் சூடு அடங்கவில்லை. ஹைட்ரஜன் உள்ளிட்ட வாயுக்கள் உள்ளே தேங்கின. சில மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்ததும் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில், ஒரே கட்டடத்துக்குள் அடுக்கியிருந்த பேட்டரிகள் எரிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த மாதமே அதே இடம் மறுபடி பற்றியது.

பாடம் தெளிவு. சூடு எளிதில் தறிகெடாத இரும்பு பாஸ்பேட் வகைக் கலங்கள் நல்லவை. ஆனால் அவையும் எரியும் வாயுவைக் கக்கும். அதனால் வாயுவை மோப்பம் பிடிக்கும் சென்சாரும், அதை வெளியேற்றும் விசிறியும், வெடித்தால் அழுத்தத்தை மேல்நோக்கி விடும் கூரைப் பலகையும் வேண்டும். ஒரு பெட்டி எரிந்தாலும் அடுத்தது தப்பும்படி இடைவெளி வேண்டும்.

வீட்டிலும் இதே விதிதான். ஸ்கூட்டரை வாசலை மறித்தோ மாடிப்படிக்குக் கீழோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். ஓட்டி வந்த சூடு ஆறட்டும். பேட்டரி உப்பினால் அதைத் தொடாமல் சார்ஜை நிறுத்துங்கள். புகை கண்டால் முதலில் ஆட்களோடு வெளியேறி, பிறகு 101-ஐ அழையுங்கள்.

நாளை நம் ஊர்த் துணைமின் நிலையத்துக்குப் பேட்டரிப் பெட்டிகள் வந்தால், பெட்டிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி, வாயு எங்கே போகும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முன்னதாகவே கேட்போம். வைக்கோல் போருக்கு இடம் பார்ப்பதும் பற்றிய பிறகு அல்லவே.