தண்ணீருக்கு ஒரு வழி

2013 ஜூலை 8 மாலை, டொரண்டோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பதிவானது. நகரெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளின் பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்தது. ஈழத்திலிருந்து போன தமிழர் பலர் கனடா வாழ்க்கையைத் தொடங்கியது இத்தகைய நிலவறை வாடகை அறைகளில்தான். இன்றும் அங்கே வாடகைக்கு ஆட்கள் படுத்துறங்குகிறார்கள்.

அந்த ஊரில் அஸ்திவாரத்தை ஏறக்குறைய 4 அடி ஆழத்தில் போட வேண்டும். ஆழம் குறைந்தால், மண்ணுக்குள் உறைந்து விரியும் நீர் கட்டடத்தையே தூக்கிவிடும். எப்படியும் தோண்டத்தான் வேண்டும், இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறையே கிடைக்கும். ஆனால் அந்த அறை ஈர மண்ணின் நடுவில் இருக்கிறது. வெளியே ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடிமட்டத்தில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். சுவரும் தரையும் சேரும் இணைப்பில் தண்ணீர் கசிந்து வரும். உள்பக்கம் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும், உப்பு வெள்ளையாகப் பூத்து அதை உரித்துத் தள்ளிவிடும்.

வெளியே தோண்டிச் சுவரைப் பூசலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவே இடம் இருந்தால்? அப்போதுதான் உள்வடிகால் கைகொடுக்கிறது.

சுவரோரமாகத் தரை கான்கிரீட்டை ஓரடி அகலத்துக்கு உடைத்து, பள்ளம் பறிக்கிறார்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைத் தாண்டித் தோண்டக் கூடாது. தாண்டினால் வீடு இறங்கும். பள்ளத்தில் கழுவிய ஜல்லி, அதில் 4 அங்குலத் துளைக் குழாய். துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறி வருகிறது. சுவரில் ஒட்டிய குமிழ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பு, கசிவை நேரே அந்தப் பள்ளத்துக்கு இறக்கிவிடும். குழாய் போய்ச் சேரும் குழியில் ஒரு பம்ப். அது தண்ணீரை வீட்டிலிருந்து தள்ளி வெளியேற்றும். மேலே மறுபடி கான்கிரீட்.

இவ்வளவு செலவுக்கு முன், கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சுவரடியில் விழுந்தால், முதலில் அதை இறக்கும் கூரைக் குழாயைச் சுவரிலிருந்து தள்ளி நீட்டுங்கள். சாக்கடை எதிர்த்து வரும் வீட்டுக்கோ உள்வடிகால் உதவாது; அதற்குத் தடுப்பு வால்வு வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது மின்சாரத்தில். 2013 மழையில் சுமார் 3 லட்சம் பேருக்குக் கரண்ட் போனது. பம்ப் அதிகம் தேவைப்படும் இரவில்தான் அது நின்றுபோகும் என்பதால், மாற்று பேட்டரி அவசியம். பனி உருகும் பருவத்துக்கு முன்பே குழியில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும்: பம்பை இயக்கும் மிதவை உயர்கிறதா, மோட்டார் உறுமுகிறதா, வெளியே குழாய் வாயில் தண்ணீர் வந்து விழுகிறதா?