திடீரென அணைந்துபோகும் பழைய மடிகணினி: திருத்துவதற்கு முன் காப்பாற்ற வேண்டியது எது?

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மாமாவோ தாம் பாவித்துவிட்டு அனுப்பிய பழைய மடிகணினி எமது பல வீடுகளில் உள்ளது. பிள்ளைகள் படிப்பது அதில்தான். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம், ஆணைக்குழுக்களுக்கும் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் கொடுத்த கடிதங்களின் பிரதிகள், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் என்பவற்றை ஸ்கான் செய்து வைத்திருப்பதும் அதில்தான். அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்து போனால், அணைவது ஒரு இயந்திரம் மட்டுமல்ல.

எனவே பழுதைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கணினி மீண்டும் எழும்பியவுடன் முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலோ பென் டிரைவிலோ பிரதி எடுங்கள். படங்களும் ஆவணங்களும் முதலில், பாட்டும் படமும் பிறகு. திடீரென மின் நிற்கும் ஒவ்வொரு முறையும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பு பழுதாகலாம். ஒரு பிரதி வீட்டிலும் இன்னொன்று வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். எல்லாப் பத்திரங்களையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு இடம்பெயர்ந்து, அந்தப் பையைத் தொலைத்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

அடுத்து, எப்படி அணைகிறது என்று பாருங்கள். 'மூடப்படுகிறது' என்ற அறிவித்தல் திரையில் வந்த பின் அணைந்தால், அது பெரும்பாலும் விண்டோஸின் வேலை. புதுப்பித்தல் அல்லது மின்சேமிப்பு அமைப்பு காரணமாக இருக்கலாம். விளக்கை ஊதி அணைத்தது போல ஒரே கணத்தில் இருண்டால், பிரச்சினை சூட்டிலோ மின்சாரத்திலோ உதிரிப்பாகத்திலோ உள்ளது. எத்தனை நிமிடத்தில் அணைந்தது, சார்ஜர் செருகியிருந்ததா, அடிப்பாகம் சுட்டதா என்று மூன்று நாள்களுக்கு ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். கடைக்காரருக்கும் அது உதவும்.

சூடு

பழைய கணினிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதனைத்தான். பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடி, விசிறி இரைந்து, பிறகு அணையும். ஆறவிட்டால் மீண்டும் எழும்பும். புரொசசரின் வெப்பம் 100 பாகை செல்சியஸை அண்மிக்கும்போது அது முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்ற மின்னைத் துண்டிக்கும். தகரக் கூரையின் கீழ், செம்மண் புழுதி பறக்கும் வீதியோரத்தில், மெத்தைமேல் வைத்துப் பாவிக்கும் கணினிக்கு மூச்சு முட்டுவதில் வியப்பில்லை.

மேசையில் அல்லது பலகையில் வைத்து, காற்றுத் துவாரங்களை மறைக்காமல் பாவித்துப் பாருங்கள். அணையும் நேரம் தள்ளிப்போனால் காரணம் சூடுதான். சார்ஜரையும், கழற்றக்கூடியதாயின் பற்றரியையும் அகற்றிவிட்டு, மென்மையான தூரிகையால் தூசைத் தட்டுங்கள். காற்று அடிப்பதாயின் விசிறி சுழலாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். புரொசசர் மேல் பூசப்பட்ட வெப்பம் கடத்தும் பசை ஆண்டுகள் செல்லக் காய்ந்துவிடும். அதனைப் புதிதாகப் பூசுவது கடையில் செய்ய வேண்டிய, ஆனால் பெரிய செலவில்லாத வேலை.

பற்றரி

40 வீதம் காட்டும்போதே அணைந்தால், அல்லது சார்ஜரைக் கழற்றியவுடன் அணைந்தால், பற்றரி தேய்ந்துவிட்டது. சில நூறு தடவைகள் சார்ஜ் ஏறி இறங்கிய பின் லிதியம் பற்றரிகளின் கொள்ளளவு நன்றாகக் குறைந்துவிடும். கழற்றக்கூடிய பற்றரியாயின், அதனை எடுத்துவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். அணையாமல் ஓடினால் குற்றவாளி பற்றரிதான். ஆனால் அந்த நிலையில் மின்வெட்டு வந்தால் கணினியும் உடனே நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பற்றரி வீங்கி, டச்பாட் மேலெழும்பியிருந்தால் உடனே பாவனையை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. வளவில் குப்பையோடு சேர்த்து எரிக்கவே கூடாது, அது தீப்பிடித்து வெடிக்கலாம்.

சார்ஜர்

வயரை மெல்ல அசைக்கும்போது சார்ஜ் விளக்கு மின்னினால் வயரிலோ செருகும் துளையிலோ தளர்வு உண்டு. வெளிநாட்டு பிளக்குக்குப் போடும் மலிவு அடப்டரும் தளர்ந்து பொறி பறக்கும், அதையும் மாற்றிப் பாருங்கள். சார்ஜரின் லேபிளில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ற் என்று இருந்தால் எமது 230 வோல்ற் மின்சாரத்தில் தாராளமாகப் பாவிக்கலாம். புதிய சார்ஜர் வாங்கும்போது வெளியீட்டு வோல்ற் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும், அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 19 வோல்ற் 3.42 அம்பியர் கேட்கும் கணினிக்கு அம்பியர் குறைந்த சார்ஜரைச் செருகினால், வேலை கூடும் நேரத்தில் அணையலாம்.

இவை மூன்றும் இல்லையென்றால்

கணினியைத் திறக்கும்போது பயோஸ் திரைக்குச் சென்று அரை மணிநேரம் அப்படியே விடுங்கள். அங்கும் அணைந்தால் விண்டோஸையோ வைரஸையோ குறைசொல்ல முடியாது. ராமிலோ மதர்போர்ட்டிலோ பழுது இருக்கலாம். ராமைச் சோதிக்க விண்டோஸிலேயே மெமரி டயக்னோஸ்டிக் என்ற கருவி உண்டு. ராமைக் கழற்றித் துடைத்து மீண்டும் இறுகப் பொருத்தியதும் சரியான கணினிகளும் உள்ளன. ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்டால் மட்டும் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டாம்.

கடைக்குக் கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லுங்கள்: "கேட்காமல் போர்மட் பண்ண வேண்டாம்." விண்டோஸை மீளப் பதிவதால் சூடும் குறையாது, பற்றரியும் திருந்தாது. ஆனால் படங்கள் அழிந்துவிடும். மதர்போர்ட் திருத்தும் செலவு இன்னொரு பழைய கணினியின் விலையை எட்டினால் திருத்தாமல் விடலாம். அப்போதும் ஹார்ட் டிஸ்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கான யூ.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டால் வேறு கணினியில் கோப்புகளை எடுக்கலாம்.

மின்சாரமே இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஒரு பழைய கணினியை இன்னும் சில ஆண்டுகள் ஓட வைப்பது எமக்குப் புதிய வித்தையல்ல. அது ஒருநாள் ஓடாமல் நின்றாலும், உள்ளே இருந்தவை எங்கள் கையில் இருக்க வேண்டும். இன்றிரவு அந்தப் பிரதியை எடுத்துவிடுங்கள்.