வரைபடத்தில் காணும் பிழை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாகக் கீழிறங்குகிறது. கச்சிராயபாளையத்தை அடுத்த மலையடிவாரத்தில் அவ்வாற்றின் குறுக்கே அணை ஒன்று உள்ளது. கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்கள் பல அதன் நீரால் விளைகின்றன. அணையைக் காணச் செல்லும் மாணவர் கரையையும் மதகையும் கண்டு மகிழ்வர். ஆனால், எந்த அணையும் முதலில் எழுவது தாளின்மேல்தான். பெருமழை நாளில் எவ்வளவு வெள்ளம் வரும்? மிகுதி நீர் வெளியேறும் வழி அதற்குப் போதுமா? கரையின் அடியில் நீர் கசிந்தால் என் செய்வது? வரைபடம் கையில் உள்ளபோதே இவ்வினாக்களை எழுப்புதல் வேண்டும். தாளில் உள்ள பிழையைத் திருத்த ஓர் அழிப்பான் போதும். கட்டிய கரையில் உள்ள பிழையோ ஊரையே அழித்துவிடும்.

வரைந்தவர் கண்ணுக்குத் தம் பிழை எளிதில் புலப்படுவதில்லை. நாம் எழுதிய கட்டுரையில் உள்ள எழுத்துப்பிழை நமக்குத் தெரிகிறதா? ஆதலின், பெரும் பொறியியல் பணிகளில் அப்பணியைச் செய்யாத வல்லுநர்களும் கூடி, வினவிச் சோதிக்கின்றனர். இதனை வடிவமைப்பு ஆய்வு என்பர். தொடக்க வடிவம் உருவானதும் ஒருமுறை, நுணுக்கங்கள் முடிவானதும் மற்றொரு முறை, இயக்குவதற்கு முன் இன்னொரு முறை என அது படிப்படியாக நடைபெறும். எழும் ஐயங்கள் ஏட்டில் பதியப்படும். அவற்றுக்குத் தக்க விடை கண்டபின் அடுத்த படிக்குச் செல்வதே முறை.

அணையையாவது பழுதுபார்க்கலாம். நிலவுக்குச் சென்ற கலத்தை யார் தொட இயலும்? 2019 செப்டம்பர் 7ஆம் நாள் அதிகாலையில், சந்திரயான்-2 சுமந்து சென்ற விக்ரம் என்னும் இறங்குகலம் நிலவில் மோதிச் சிதைந்தது. அதன் பொறிகள் ஐந்தும் எதிர்பார்த்ததினும் மிகுதியாக உந்தின. சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. கலம் விரைந்து திரும்பித் தன்னைச் சரிசெய்துகொள்ள மென்பொருள் இடந்தரவில்லை. இறங்கக் குறித்த இடமோ நீளத்திலும் அகலத்திலும் 500 மீட்டரே.

அடுத்த பயணமாகிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர், விழுப்புரத்தைச் சேர்ந்த பி. வீரமுத்துவேல். கள்ளக்குறிச்சியும் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இம்முறை அறிஞர்கள் வினாவையே மாற்றினர். ‘எவ்வாறு வெற்றி பெறும்?’ என்பதை விடுத்து, ‘எவையெவை பழுதாகலாம்? பழுதானாலும் எவ்வாறு இறங்கும்?’ என்று கேட்டனர். நடுப்பொறி நீக்கப்பட்டது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்குமாறு கால்கள் வலுப்பெற்றன. எரிபொருள் கூடிற்று. வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்று புதிதாகச் சேர்ந்தது. இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிந்தது.

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்குப் புதிய விக்ரம் நிலவில் கால் ஊன்றியது.